மாலை கழற்றிய மறுநாள்



மனிதர்கள் ஏன் போதைக்கு அடிமையாகிறார்கள், இதற்கு உளவியல் என்ன காரணம் சொல்கிறது என்று பேசக் கேட்டிருந்தீர்கள். உளவியல் மாணவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். ஃப்ராய்டில் தொடங்கி, ஸ்கின்னரின் புறாக்களைத் தாண்டி, டோபமைனில் வந்து நிற்கும். அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நம் வீடுகளில் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எந்தக் கோட்பாடு அதற்கு எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்று பார்க்கலாம்.

கார்த்திகை முதல் தேதி ஒருவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அதற்கு முந்தின நாள்வரை தினமும் டாஸ்மாக் கடைக்குப் போய் வந்தவர். மாலை கழுத்தில் ஏறியதும் நிறுத்திவிடுகிறார். ஒரு மண்டலம் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். இரண்டொரு நாளில், சிலர் அன்று சாயங்காலமே, பழைய பாரில் பழைய ஆட்களோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். மனைவி கேட்கிறார்: "நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சுதுல்ல? இப்ப மட்டும் ஏன் முடியல? மனசு வைக்கல, அவ்வளவுதான்."

கேள்வி நியாயமானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நான் மறுக்கிறேன். நாற்பத்தெட்டு நாள் நிறுத்தியது மனவுறுதியால் என்று வைத்துக்கொண்டால், மறுபடி தொட்டது மனவுறுதி இல்லாததால் என்றுதான் முடியும். அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லை, திட்டுவதற்குத்தான் இருக்கிறது. அந்த நாற்பத்தெட்டு நாளில் உண்மையில் என்னவெல்லாம் மாறியிருந்தன என்று யாரும் பார்ப்பதில்லை.

இதே கேள்வி 1971இல் வேறொரு நாட்டில், வேறொரு பொருளைப் பற்றி எழுந்தது. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெராயின் தாராளமாகப் புழங்குகிறது என்ற செய்தி வாஷிங்டனைக் கலக்கியது. அங்கே கிடைத்த ஹெராயின் மலிவு, கலப்படமும் குறைவு. ஊசிகூட வேண்டாம், சிகரெட்டில் வைத்துப் புகைத்தால் போதும். இத்தனை ஆயிரம் அடிமைகள் ஒன்றாக ஊர் திரும்பினால் அமெரிக்க நகரங்கள் என்னாகும் என்ற பயம். அந்த ஜூன் மாதம் அதிபர் நிக்சன், ஜெரோம் ஜாஃப் என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் அமர்த்தினார். ஊர் திரும்பும் சிப்பாய் விமானம் ஏறும் முன் சிறுநீரைச் சோதனைக்குத் தர வேண்டும், ஹெராயின் தெரிந்தால் அது இறங்கும்வரை அங்கேயே தங்க வேண்டும் என்று ஏற்பாடானது. திரும்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்க்கும் வேலை செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளரிடம் வந்தது. 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் ஏறத்தாழ 900 பேரை அவர் குழு தேடிப் பிடித்துப் பேசியது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் வாங்கிச் சோதித்தது.

படையினரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வியட்நாமில் அபினையோ ஹெராயினையோ தொட்டுப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர், தான் அங்கே அடிமையாகவே இருந்ததாகச் சொன்னார். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் 12 சதவீதம். பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. இதைவிட வியப்பு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊரில் ஒரு முறையாவது மறுபடி எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் பழைய நிலைக்குப் போகவில்லை.

யாரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கென்று அரசு நடத்திய பெரிய மருத்துவமனை ஒன்று 1935 முதல் இயங்கியது. அங்கே மாதக்கணக்கில் இருந்து, உடம்பு முழுக்கத் தெளிந்து வெளியே போனவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச நாளில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். மருத்துவமனையில் விட்டவர் திரும்புகிறார், போர்க்களத்தில் விட்டவர் திரும்பவில்லை என்றால் எப்படி ஏற்பது? இருபதாண்டு கழித்து, 1993இல்கூட ராபின்ஸ் இது விதிவிலக்கா, எதிர்பார்க்க வேண்டியதுதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

இரண்டு பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பாய் போதையைப் பழகிய இடத்தை விட்டு, அது இல்லாத இடத்துக்குப் போனார். லெக்சிங்டன் நோயாளி அது இல்லாத இடத்திலிருந்து, பழகிய இடத்துக்கே போனார்.

இடம் எப்படி ஒரு மனிதருக்குள் வேலை செய்கிறது என்பதை அதே லெக்சிங்டனில் பணியாற்றிய ஏப்ரகாம் விக்லர் கவனித்திருந்தார். பல மாதமாகப் போதை தொடாத நோயாளிகள் கூட்டமாக உட்கார்ந்து ஹெராயின் பற்றிப் பேசத் தொடங்கினால் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வந்தது. ஹெராயினை நிறுத்திய முதல் நாட்களில் வரும் அதே உபாதைகள். வீடு திரும்பியவர்களுக்குப் பழைய தெருவைக் கண்டதும் அதே தவிப்பு வந்தது. பாவ்லோவின் நாய்க்கு மணியோசை கேட்டதும் எச்சில் ஊறியதைப் போல, தெரு இவர்கள் உடம்பை முன்கூட்டியே தயார் செய்கிறது என்றார் விக்லர்.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். 1982இல் வெளியான அவருடைய சோதனையில் எலிகளுக்குப் பல வாரம் ஒரே அறையில் ஹெராயின் ஊசி போட்டார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மிகப் பெரிய அளவு ஒன்று. பழகிய அறையிலேயே அதைப் பெற்ற எலிகளில் 32 சதவீதம் செத்தன. புது அறையில் பெற்றவற்றில் 64 சதவீதம். மருந்து அதே, அளவு அதே, எலிகளின் பழக்கமும் அதே. மாறியது அறை மட்டும். பழகிய இடத்தைக் கண்டதும் உடம்பு போதையை எதிர்கொள்ள எதிர்த்திசையில் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. பொருள் வந்து சேர்ந்தால் சமனாகிவிடும். வராவிட்டால் அந்த எதிர்த்திருப்பம் மட்டும் மிஞ்சும். அதைத்தான் குடிப்பவர் "ஒரு மாதிரியா இருக்கு" என்கிறார்.

இதே காலத்தில் அதே நாட்டின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் அலெக்சாண்டர் எலிகளுக்கு ஒரு பூங்கா கட்டினார். வழக்கமான கூண்டைப் போல 200 மடங்கு பரப்பு, துணைக்கு ஆணும் பெண்ணுமாக எலிகள், விளையாடப் பொருட்கள். தனிக்கூண்டு எலிகள் மார்பின் கலந்த இனிப்பு நீரை நாடின, பூங்கா எலிகள் பெரிதாக நாடவில்லை. மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எனக்கு அந்த அளவு பிடிப்பில்லை. பின்னால் செய்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதே முடிவு கிடைக்கவில்லை. நல்ல வசதியும் உறவும் இருந்தால் போதை வராது என்று இதை நீட்டுபவர்கள், வசதியும் உறவும் நிறைந்த வீடுகளில் குடியால் அழிந்தவர்களைப் பார்க்காதவர்கள்.

அடுத்தது மூளை. 1954இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பி வைத்து, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது. அந்தப் பாதையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் ஓடுகிறது என்று தெரிந்ததும் அதுவே இன்பத்தின் ரசாயனம் ஆயிற்று. இன்றைக்கும் நம் பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களில் டோபமைன் என்றால் சந்தோஷம்தான்.

அதைக் குலைத்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும். எலிக்கு இனிப்பு பிடித்திருக்கிறதா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். இனிப்பை நாவில் வைத்தால் உதட்டை நக்கும், கசப்பென்றால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தைகளும் அப்படித்தான். பெரிட்ஜ் குழுவினர் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்தார்கள். அந்த எலிகள் எதிரே இருக்கும் உணவை நோக்கி ஓரடி எடுத்து வைக்கவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து செத்திருக்கும். ஆனால் சர்க்கரை நீரை நாவில் விட்டால் முன்போலவே உதட்டை நக்கின. பிடிப்பது அப்படியே இருந்தது, வேண்டும் என்பது மட்டும் போய்விட்டது. மூளையில் இவை இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள்.

1993இல் இருவரும் இதை வைத்துப் போதைக்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். நாட்பட்ட போதையில் "வேண்டும்" என்னும் ஏற்பாடு கூர்மையாகிக்கொண்டே போகிறது. "பிடிக்கிறது" என்பது அப்படி வளர்வதில்லை, பலருக்குத் தேய்ந்தும் போகிறது. ஆகவே துளியும் பிடிக்காத ஒன்றை ஒருவர் உயிர் போவதுபோல் வேண்டலாம். அந்த வேண்டுதலைக் கிளப்புவது அந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்ட அடையாளங்கள்: கடையின் பச்சைப் பலகை, பிளாஸ்டிக் டம்ளர், சம்பளப் பணம், "கட்டிங் போடலாமா?" என்ற நண்பரின் குரல்.

நான் படித்தவற்றில் நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான கோட்பாடு இதுதான் என்று நினைக்கிறேன். "எனக்கே புடிக்கல, ஆனா போயிடுறேன்" என்று குடிப்பவர் சொல்லும்போது வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. பிடிக்காமலா தினமும் போகிறாய் என்பார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும் அந்த நேரத்தில் உண்மை. சத்தியம் செய்யும் இடம் வீட்டுக் கூடம், அதை உடைக்கும் இடம் கடைத்தெரு.

2020ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்குக்காக மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் கடைகள், சென்னை மாநகரக் காவல் எல்லைக்கு வெளியே மே 7 அன்று திறந்தன. ஏறக்குறைய ஒரு மண்டலம். மாலை போடாமலே மாநிலம் முழுக்க விரதம். சவரத்துக்குப் பிந்தைய லோஷனைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. திறந்த அன்று வரிசை தெருவைத் தாண்டியது. மாலை போட்டவருக்கோ கார்த்திகை மாதம் முழுக்கக் கடை திறந்தேதான் இருந்தது, தாண்டித் தாண்டிப் போனார். ஏறக்குறைய ஒரே அளவு நாள். சரக்கு கிடைக்காத நாற்பத்து நான்கு நாளில் தவிப்பு, கிடைத்துக்கொண்டே இருந்த நாற்பத்தெட்டு நாளில் பெரிய தவிப்பில்லை. உடம்புக்குப் பொருள் வராதது மட்டுமே கணக்கென்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

மாலை என்ன செய்தது? முதலில் நேரத்தை மாற்றியது. விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல், சாயங்காலம் மறுபடி குளியல், விளக்கு, சரணம். குடிக்கும் நேரம் இருந்த இடத்தில் பஜனை வந்து உட்கார்ந்தது. ஆடை மாறியது, செருப்பு போனது. கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாகப் பாருக்குள் நுழைய யாராலும் முடியாது. அப்படியே நுழைந்தாலும் பார்க்காரரே வெளியே அனுப்பிவிடுவார். கூட்டாளிகளும் மாறினார்கள். பழைய நண்பர்கள்கூட "சாமி மாலை போட்டிருக்காரு" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். நேற்றுவரை குடிகாரன் என்று பேசப்பட்டவரைத் தெருவே சாமி என்று கூப்பிட்டது. பெற்ற தாயும் கட்டிய மனைவியும் சாமி என்றார்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆய்வில் ஓர் ஒப்புமை உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கோகெய்ன் அடிமைகளுக்கு ஒரு சிகிச்சை நடத்தினார். சிறுநீரில் கோகெய்ன் இல்லையென்றால் ஒரு சீட்டு, அதை வைத்துப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். முதல் சீட்டு இரண்டரை டாலர். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், ஒரு முறை தவறினால் மறுபடி இரண்டரையிலிருந்து. தொடக்கத் தொகை அற்பம்தான். ஆனாலும் வெறும் ஆலோசனையைவிட நன்றாக வேலை செய்தது. என்றைக்கோ கிடைக்கப்போகும் நல்ல ஈரலைவிட இன்றைக்கே கையில் கிடைப்பது மனிதரை அசைக்கிறது. மாலை போட்டவருக்கு அந்தச் சீட்டு ஒரு நாளைக்கு நூறு முறை கிடைக்கிறது, ஒவ்வொரு "சாமி"யிலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால். விரதம் அவருடையது, வேலை அவர் மனைவியுடையது. நாலு மணிக்கு எழுந்து வீடு கழுவுவதும், தனிப் பாத்திரத்தில் சமைப்பதும், குழுவுக்கே சோறு போடுவதும் அவர்தான். நாற்பத்தெட்டு நாள் ஒரு வீட்டையே அவர் வேறு இடமாக்கி வைத்திருக்கிறார். பிறகு அவரே, அது முழுக்கக் கணவருடைய மனவுறுதி என்று நம்பி, ஏன் இப்போது முடியவில்லை என்று கேட்கிறார்.

மாலை மட்டுமல்ல, தவக்காலத்திலும் ரமலானிலும் இதே நிகழ்வதைப் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று மாலை போட்டு நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சாமி வந்திருக்கிறது என்று வேடிக்கை பார்க்காதீர்கள். மாலைக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்து இறக்கினால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

அது சரி, அதே தெரு, அதே கடை, அண்ணன் குடிக்கவில்லை, தம்பி ஏன் குடிக்கிறான்? இடத்தை வைத்து இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருகிறது. அடிமையாவதற்கென்றே ஒரு குணம் உண்டா என்று வெகுகாலம் தேடினார்கள், அப்படி ஒற்றைக் குணம் அகப்படவில்லை. எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல், மனிதர்கள் தங்கள் வலிக்கு ஏற்ற போதையைத் தாங்களே மருந்தாகத் தேடிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட பெரிய ஆய்வு, குழந்தைப் பருவத்தில் அடி, அவமானம், வீட்டில் வன்முறை போன்றவற்றைப் பலவிதமாக அனுபவித்தவர்களுக்குப் பின்னாளில் குடியும் போதையும் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இவை உண்மை. ஆனால் நம் ஊரில் இந்த விளக்கம் சீக்கிரமே அம்மாவின் மேல் போய் விழுந்துவிடுகிறது என்பதால் நான் இதை அளந்துதான் பயன்படுத்துவேன். வலி ஏன் தொடங்கினார் என்று சொல்லும். ஏன் நாற்பத்தொன்பதாம் நாள் திரும்பினார் என்று சொல்லாது. வலி நாற்பத்தெட்டு நாளும் உள்ளேயேதான் இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாளைப் பற்றி அதிகம் சிந்தித்தவர் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர். 1973இல் அவர் செய்த சோதனை சுவையானது. வோட்காவை டானிக் நீரில் கலந்தால் ருசியில் பிரித்தறிய முடியாத ஒரு கலவையைத் தயாரித்தார். குடிநோயாளிகளில் சிலருக்கு வோட்கா என்று சொல்லி வெறும் டானிக்கைக் கொடுத்தார், சிலருக்கு டானிக் என்று சொல்லி வோட்காவைக் கொடுத்தார். அதிகம் குடித்தவர்கள், தாங்கள் வோட்கா குடிப்பதாக நம்பியவர்கள். கிளாசில் உண்மையில் என்ன இருந்தது என்பது அவ்வளவாகப் பொருட்படவில்லை. ஒரு சொட்டு உள்ளே போனால் ரத்தம் தானாக மீதியைக் கேட்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

அதிலிருந்து மார்லட் வந்து சேர்ந்த இடம் நம் சத்தியங்களுக்கு நேராகப் பொருந்துகிறது. இனித் தொடவே மாட்டேன் என்று நின்றவர் ஒரு முறை தொட்டுவிட்டால், "எல்லாம் போச்சு, இனி எவ்வளவு குடிச்சா என்ன" என்ற எண்ணம் வருகிறது. ஒரு கிளாசைவிட அந்த எண்ணம்தான் அவரைக் கவிழ்க்கிறது. எனவே மாலைக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அது கழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் ஒன்றுமில்லை. கழற்றிய மறுநாள் அவர் சாமியும் இல்லை, புது மனிதரும் இல்லை. தாடி மழித்தாகிவிட்டது, செருப்பு போட்டாகிவிட்டது, பஜனை கலைந்துவிட்டது, பழைய பெயர் திரும்ப வந்துவிட்டது. "சாமி, மாலையைக் கழட்டியாச்சா?" என்று நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.

மது, புகை, ஹெராயின் மூன்றையும் விட்டவர்கள் எப்போது திரும்புகிறார்கள் என்று 1971இல் ஹன்ட் என்பவரும் அவர் தோழர்களும் வரைந்து பார்த்தார்கள். மூன்று கோடும் ஏறக்குறைய ஒன்றுபோல இறங்கின. திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்தில் திரும்பிவிடுகிறார்கள். மார்லட் கேட்டறிந்தபோது முக்கால்வாசி பேரின் முதல் கிளாஸ் மூன்று வேளைகளில் நடந்திருந்தது: மனம் நொந்தபோது, யாரோடாவது சண்டை வந்தபோது, கூட இருந்தவர்கள் வற்புறுத்தியபோது. நம் மண்டலம் மிக நல்ல இடத்தில் தொடங்குகிறது, மூன்று மாதத்தில் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், புதிதாக வந்தவரைத் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டத்துக்கு வரச் சொல்லும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டது. அவர்களின் இறையியலில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அந்தக் கணக்கு சரியானது.

நாம் செய்யக்கூடியதும் அதையொட்டித்தான். மாலையைக் கழற்றும் நாளைக் கொண்டாட்டமாக மட்டும் வைக்காமல், அடுத்த சில வாரத்துக்கு அந்தக் குழு சாயங்காலங்களில் கூடிக்கொண்டே இருக்கலாம். தை, மாசி தாண்டிப் பங்குனிவரை இருந்தால் நல்லது. வேலை விட்டு வரும் வழியை மாற்றிக்கொள்ளலாம். சம்பள நாளில் கூட ஒருவர் வரலாம். ஒரு நாள் தவறிவிட்டால் "நாப்பத்தெட்டு நாளும் வீண்" என்று வீட்டில் சொல்லக்கூடாது. அந்த நாற்பத்தெட்டு நாள் எங்கும் போய்விடவில்லை. அன்று இரவே குழுவில் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று மாலை போடும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர் மருத்துவரைவிடக் குருசாமி. மாலை போட்டுவிடுவதும், கூட்டிப் போவதும், சொன்னால் கேட்க வைப்பதும் அவரால்தான் முடிகிறது. இந்த அரங்கில் குருசாமிகள் யாராவது இருந்தால், கேள்வி நேரம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மாலை கழற்றிய பிறகு உங்கள் குழுவில் யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நிறைய இருக்கிறது.